நடுநிலை வகுப்பு ஆங்கிலம்: கதைக்கூறு, சொல்வளம், கட்டுரை – நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வரும் படுகர் பிள்ளைகள், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேரப்பிள்ளைகள், இருளர், குறும்பர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரும், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் போனிலும் கேட்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். புரட்டிப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றுக்கு என் பதில்கள் கீழே.

"டீச்சர், எம் பொண்ணுக்கு வாசிக்கவே தடுமாறுது. இதுல கேரக்டர், செட்டிங், தீம் எல்லாம் எதுக்கு?"

வாசிப்புத் தடுமாற்றம் தனிப் பிரச்சினை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும், தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் கதாபாத்திரம், களம், மையக்கருத்து போன்ற கதைக்கூறுகள் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் பலகாரம் இல்லை. உங்கள் பெண் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த படத்தைத் திங்கட்கிழமை தோழிக்குச் சொல்கிறாள். யார் யார், எங்கே நடந்தது, என்ன சிக்கல், எப்படி முடிந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறாள். செய்கிற வேலைக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகள் கையில் இருந்தால், பாடத்தில் பாதிச் சொற்கள் புரியாவிட்டாலும் கதையின் நூல் பிடிபடும். "இந்தப் பையனுக்கு என்ன தொல்லை?" என்று கேட்டுக்கொண்டே வாசிக்கிறவள், புரியாத சொல் வந்ததும் புத்தகத்தை மூடிவிட மாட்டாள். அதனால் நான் கலைச்சொல்லைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் பிள்ளை வாயால் கதை வரட்டும், எந்த மொழியிலானாலும் சரி. அப்புறம்தான் கரும்பலகையில் பெயர்.

செட்டிங் என்றால் இடமும் காலமும்தானே? அதற்கு ஒரு முழு பீரியட் வேண்டுமா?

ஒரு புது ஆசிரியர் கேட்டது. இடமும் காலமும் என்று மட்டும் சொல்லிவிட்டால், பிள்ளைகள் "இடம்: ஊட்டி, நேரம்: காலை" என்று எழுதி நோட்டை மூடிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பயன் இருக்காது.

தமிழ் வாத்தியார் பக்கத்து அறையில் நடத்துவதைக் கொஞ்சம் கடன் வாங்குங்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அவற்றிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது. குறிஞ்சிக்கு நிலம் மலை; பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். அந்த நிலத்து மரம், விலங்கு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே மனதில் எழும் உணர்ச்சி உரிப்பொருள். இடம் மாறினால் உணர்ச்சியும் மாறும் என்பதை நம் ஆட்கள் இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கும்போது, செட்டிங்கை ஏதோ வெளியூர்ச் சரக்கு போல நடத்த வேண்டியதில்லை.

நான் செய்வது இது. ஒரே ஒரு சம்பவத்தைக் கொடுப்பேன்: அம்மா கடைக்குக் கொடுத்தனுப்பிய ஐநூறு ரூபாயை ஒரு பையன் தொலைத்துவிட்டான். இதை முதலில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடத்துங்கள். பிறகு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், மாலை ஆறரைக்கு, மூடுபனி இறங்கிய நேரத்தில் நடத்துங்கள். என்னென்ன மாறுகிறது? பஸ் ஸ்டாண்டில் கூட்டம், யார் எடுத்திருப்பார் என்ற சந்தேகம், நாலு பேர் பார்க்கும்போது அழக்கூடாதே என்ற கூச்சம் என்றார்கள். தோட்டப் பாதைக்கு வந்ததும் வகுப்பில் ஒரே சத்தம். காட்டெருமை நிற்கும், கரடி வரும், டார்ச் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், பஸ் ஸ்டாண்டுல காசைத்தான் தேடுவான். தோட்டத்துல காசையே மறந்துருவான்." அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் விளக்க எதுவும் மிச்சமில்லை. கரும்பலகையில் 'செட்டிங்' என்று எழுதினேன், மணி அடித்தது.

இன்னொரு பயிற்சிக்கு நம் மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். வழியில் 16 குகைகள். பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதால் மேலே வர ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி இருவரை அந்தப் பெட்டியில் எதிரெதிரே உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். பஸ் என்றால் ஒருவர் பர்லியாரில் இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் அப்படி ஓட முடியாது. குகைக்குள் இருட்டும்போது என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

பிளாட்டுக்கு, அதாவது கதைப்போக்குக்கு, மலை மாதிரி ஒரு படம் போடுகிறார்களே, அது அவசியமா?

குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1863-இல் ஐந்து அங்க நாடகங்களை ஆராயப் போட்ட படம் அது. சிறுகதைக்கு அப்படியே பொருத்தினால் பிள்ளைகள் உச்சக்கட்டத்தைக் கதையின் நட்டநடுவில் தேடுவார்கள். அது பெரும்பாலும் முடிவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நான் கல்லட்டி ரோட்டை வரைகிறேன். மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏற 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவும் ஒரு சிக்கல். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது. உச்சிக்கு வந்தபின் ஊர் ரொம்ப தூரம் இல்லை. எல்லாக் கதையும் ஏறும் என்றும் இல்லை. பாட்டிமார் சொல்லும் பல கதைகள் வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். அதைப் பிடித்து மலைமேல் ஏற்றாதீர்கள்.

தீம் என்றால் நீதியா? தமிழில் 'கருப்பொருள்' என்று சொல்லலாமா?

நீதி என்பது கதை முடிந்தபின் பெரியவர் யாராவது சொல்லும் கட்டளை: "பொய் சொல்லாதே." தீம் என்பது கதை முழுக்க ஓடும் கவலை: "பயம் ஒருவரை எப்படிப் பொய் சொல்ல வைக்கிறது." முதலாவதில் கட்டளை இருக்கிறது, இரண்டாவதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நீதியே எழுதட்டும், குற்றமில்லை. எட்டாம் வகுப்பில் "கட்டளை போடாமல் சொல்லு பார்க்கலாம்" என்று ஒருபடி தள்ளினால் போதும்.

'கருப்பொருள்' என்று பத்திரிகைகளில் தாராளமாக எழுதுகிறார்கள். ஆனால் அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தில் கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்று படிக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு அறையில் இரண்டு பொருள். ஒருமுறை ஒரு பையன் தீம் கேட்ட கேள்விக்கு 'குரங்கு, பலாமரம்' என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டு அப்புறம்தான் யோசித்தேன், தப்பு அவன்மேல் இல்லை. அன்றிலிருந்து 'மையக்கருத்து' என்றே சொல்கிறேன்.

சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷன் இவற்றுக்கு உவமை, உருவகம், மோனை என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?

முக்கால் பங்கு போதும், கால் பங்கு ஏமாற்றும்.

உவமையும் உருவகமும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 'போல' இருந்தால் உவமை. ஆங்கிலத்தில் 'லைக்', 'ஆஸ்' இருந்தால் சிமிலி. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வேட்டையாடப் பழக்கிவிடாதீர்கள். "ஐ லைக் டீ" என்ற வாக்கியத்தை சிமிலி என்று அடிக்கோடிட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது.

பெர்சானிஃபிகேஷனுக்குப் பக்கத்தில் நிற்பது தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுகிறது. கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று அது கைகாட்டுவதாகக் கவிஞர் சொல்கிறார். இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் ஒரு காரணம் ஏற்றிச் சொல்வதுதான் தற்குறிப்பேற்றம். பெர்சானிஃபிகேஷனுக்குக் காரணம் தேவையில்லை, பொருள் ஆள்போல நடந்தால் சரி.

மோனையில்தான் வழுக்கும். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஓசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று சொல்லும், காது வேறொன்று சொல்லும். 'கேட்' (பூனை), 'சிட்டி' (நகரம்) இரண்டும் 'சி' எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஆனாலும் அலிட்டரேஷன் இல்லை. 'கேட்', 'கைட்' (பட்டம்) முதலெழுத்து வேறு, இருந்தும் அலிட்டரேஷன் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

ரைம் என்றால் எதுகை என்று பெரும்பாலான வழிகாட்டிப் புத்தகங்கள் போடுகின்றன. எதுகை என்பது சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. அடியின் கடைசியில் ஓசை ஒன்றினால் அது இயைபு. ஆங்கிலப் பாட்டில் பிள்ளைகள் தேடுவது இயைபைத்தான். தமிழ் வாத்தியாருக்கும் உங்களுக்கும் இதில் சண்டை வராமல் இருந்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

பாயின்ட் ஆஃப் வியூ?

கதையைச் சொல்வது யார் என்பதுதான். 'நான்' என்று சொல்கிறவருக்குத் தெரியாதது எதுவும் கதையில் வரக்கூடாது. ஐநூறு ரூபாய்க் கதையை அம்மா வாயால் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தோட்டப் பாதை தெரியாது, வாசலும் இருட்டும்தான் தெரியும். ஒரு பீரியடில் புரிந்துவிடும்.

வாரத்துக்கு எத்தனை சொல் கொடுக்கலாம்? தினம் பத்துச் சொல் மனப்பாடம் நல்லதா?

தினம் பத்து என்றால் வெள்ளிக்கிழமை ஐம்பது, அடுத்த திங்கட்கிழமை நினைவில் நிற்பது ஐந்து. வாரத்துக்கு ஏழெட்டு எடுத்து, அதை அந்த வாரம் முழுக்கப் பேச்சில், எழுத்தில், திட்டும்போதுகூடப் பயன்படுத்துங்கள். ஒரு சொல் வெவ்வேறு இடத்தில் பலமுறை கண்ணில் படாமல் ஒட்டாது.

எதை எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஐசபெல் பெக் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு வீட்டுச் சொல்: வீடு, நாய், ஓடு. மூன்றாவது பாடத்துக்கே உரிய சொல்: ஃபோட்டோசிந்தசிஸ் மாதிரி. நடுவில் இருப்பவை எல்லாப் பாடத்திலும் தலைகாட்டும் சொற்கள்: 'ரிலக்டன்ட்' (தயங்கும்), 'எமர்ஜ்', 'கம்பேர்', 'சடன்'. வகுப்பு நேரத்தை இந்த நடு அடுக்கில் போடுங்கள் என்றார்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் சொன்னது அது. நம் பிள்ளைகளுக்கு முதல் அடுக்கிலேயே ஓட்டை இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்பவர் டாக்காவில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்கள் உண்டு. பழையதுதான், ஆனாலும் ஓட்டை எங்கே என்று பார்க்க இன்றும் உதவும்.

எனக்குப் பிடித்த சொல் பாடம் பனி. நம்மிடம் பனி என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் சமாளிக்கிறது. அதனால் பிள்ளைகள் "ஊட்டியில் ஸ்னோ பெய்கிறது" என்று கூசாமல் எழுதுகிறார்கள். சுற்றுலா விளம்பரத்தில் வேறு அப்படியே போடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் பிள்ளைகளைக் காலை முதல் பீரியடில் வெளியே கூட்டிப்போவேன். புல் நுனியில் உருண்டு நிற்பது 'ட்யூ'. நிழல் பட்ட சரிவில், உப்புத் தூவியது மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது 'ஃப்ராஸ்ட்', நம் உறைபனி. அது வானத்திலிருந்து விழவில்லை. காற்றில் இருந்த ஈரம் தரையிலேயே உறைந்தது. ஒரு பெண் விரலால் வழித்துப் பார்த்து, "மிஸ், இது விழலை, முளைச்சிருக்கு" என்றாள். பள்ளத்தாக்கை மறைப்பது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியாதபடி அடர்ந்திருந்தால் 'ஃபாக்'. அதைவிட லேசாக இருந்தால் 'மிஸ்ட்'. வானத்திலிருந்து பூவாக விழுவதுதான் 'ஸ்னோ', அதை யாரும் இங்கே பார்த்ததில்லை. இந்த ஐந்து சொல்லை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் மறந்திருப்பார்கள். கை ஜில்லிட்டதால் ஒன்றையும் மறக்கவில்லை.

வகுப்பில் தமிழோ படகமோ (படுகர் மொழி) பேசவிடலாமா? இங்கிலீஷ் பீரியடில் இங்கிலீஷ்தானே?

நான் முதலில் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். பிள்ளைகள் ஆங்கிலம் பேசவில்லை, வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியைப் பார்த்து நிர்வாகத்துக்கு ரொம்பத் திருப்தி.

யோசிப்பது வீட்டு மொழியில் நடக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் முடியட்டும். ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்து முடிக்க மொழியைத் தேடவைப்பது பலன் தரும். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ்.பிரபு நடத்திய திட்டம் இதைத்தான் செய்தது. இலக்கணப் பாடத்துக்குப் பதில் வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துப் புதிர் அவிழ்க்கச் சொன்னார்கள். மலை ரயில் அட்டவணையை வைத்து நானும் செய்கிறேன்: பாட்டியை ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எந்த வண்டி, எங்கே ஏறுவது? குழுவுக்குள் படகமும் தமிழும் புரளும். பதில் சொல்லும்போது ஆங்கிலம்.

இன்னொன்று: இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது புதிதல்ல. வீட்டில் 'ஹாலு', பள்ளியில் 'பால்'. மூன்றாவதாக 'மில்க்' வந்து உட்கார இடம் இருக்கிறது. ஒரே மொழி பேசி வளர்ந்த பிள்ளையைவிட இதில் இவர்களுக்குத்தான் வேலை சுலபம்.

ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன என்கிறார்களே, அதைச் சொல்லித் தரலாமா?

ஐந்து நிமிடம் தரலாம். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' சூப் ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது. நம் சோலைக்காடு 'ஷோலா' என்று வனத்துறைப் பலகையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காக ஆங்கிலம் முழுக்கத் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

கைடில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்தால் மார்க் வருகிறதே. பிறகு ஏன் சொந்தமாக எழுதச் சொல்கிறீர்கள்?

மார்க் வருகிறது, மறுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் 'மறக்க முடியாத நாள்' என்று தலைப்புக் கொடுத்தேன். முக்கால்வாசி நோட்டில் மெரினா கடற்கரை. எல்லா நோட்டிலும் அலை வெள்ளிபோல மின்னியது, எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அதில் ஒரு பையன் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போனதே இல்லை.

அவனைக் கூப்பிட்டு, "நிஜமா மறக்க முடியாதது என்ன?" என்றேன். பத்து நிமிடம் பேசினான். விடிகாலையில் அவர்கள் கேரட் பாத்தியில் காட்டெருமை நின்றது, அப்பா தகர டப்பாவைத் தட்டியது, எல்லாம். எழுதச் சொன்னேன். வந்தது நான்கு வாக்கியம்: "மார்னிங் பைசன் கம். மை ஃபாதர் ஷௌட். பைசன் கோ. வீ ஆர் வெரி ஹேப்பி."

நான் ஒரு பிழையும் திருத்தவில்லை. மூன்று கேள்வி கேட்டேன். நீ எங்கே நின்றாய்? அப்பா கத்தியதும் அது என்ன செய்தது? போனபிறகு பாத்தி எப்படி இருந்தது? அவன் கதவிடுக்கில் நின்றானாம். அது ஓடவில்லையாம். தலையைத் தூக்கிப் பார்த்ததாம், வாயில் கேரட் தழை தொங்கியதாம். "அப்பா கத்துனாரு மிஸ். அது பார்த்ததும் அவரே மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டாரு, 'போ சாமி, போ'னு."

இரண்டாம் முறை எழுதியதில் கதவிடுக்கும் தழையும் அப்பாவின் தாழ்ந்த குரலும் ஆங்கிலத்தில் வந்திருந்தன, ஒன்பது வாக்கியமாக. "வீ ஆர் வெரி ஹேப்பி" என்ற வரியை அவனே அடித்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "பாத்தி போச்சுல்ல மிஸ், யாரு சந்தோஷமா இருந்தா?" என்றான். கேரக்டர், செட்டிங், கான்ஃபிளிக்ட் (சிக்கல்), டோன் (தொனி) எல்லாம் அந்த ஒரு அடித்தலில் இருக்கிறது. மெரினா கட்டுரையில் அவனுக்கு அடிக்க எதுவும் கிடைத்திருக்காது, ஏனென்றால் அதில் எதுவும் அவனுடையது இல்லை.

(நம் காட்டெருமையை எல்லாரும் பைசன் என்கிறார்கள். சரியான ஆங்கிலப் பெயர் 'கௌர்'. பைசன் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் வேறு விலங்கு. அவனுக்கு இதையும் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொண்டு, அப்பாவிடம் 'கௌர்' என்று சொன்னால் புரியாது என்று கவலைப்பட்டான்.)

எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் திருத்தினால்தானே கற்றுக்கொள்வார்கள்?

நோட்டு முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். ஒரு கட்டுரைக்கு ஒரே வகைப் பிழை. மேலே சொன்ன பையனுக்கு இறந்தகாலம் மட்டும் பார்த்தோம்: கேம், ஷௌட்டட், வென்ட். ஆர்ட்டிக்கிள் ('எ', 'ஆன்', 'தி') அடுத்த மாதம்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தமிழை வைத்துச் சொன்னால் சீக்கிரம் பிடிபடும். 'எனக்கு இரண்டு அண்ணன் இருக்கிறார்கள்' என்ற நினைப்பில் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வருகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதிலிருந்து "டிஸ்கஸ் அபௌட்" வருகிறது. அங்கே 'பற்றி' டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது. 'மழை பெய்தாலும்' என்பதில் உம்மை ஒன்றே வேலையை முடித்துவிடும்; ஆங்கிலத்தில் 'தோ' போட்ட பிறகு 'பட்' போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. சின்னச் சின்னக் கல் அழகான தமிழ், "ஸ்மால் ஸ்மால் ஸ்டோன்ஸ்" ஆங்கிலத்தில் நிற்காது. ஆர்ட்டிக்கிள் தமிழில் கிடையாது, அதனால் அது எட்டாம் வகுப்பு முடிந்தும் தடுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுதுவதைப் பிள்ளைகள் தண்டனையாகவே பார்க்கிறார்கள். நான் அதற்குக் கவாத்து என்று பெயர் வைத்திருக்கிறேன், தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு எங்கள் பக்கம் சொல்லும் பெயர். செடியை ஒட்ட வெட்டினதும் தோட்டமே மொட்டையாகத் தெரியும், பிறகு கொழுந்து கிளம்பும் என்பதை லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "இன்னைக்கு கவாத்து" என்றால் கத்தியைத் தீட்டுவதுபோலப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருகிறார்கள்.

ஐந்து பத்திக் கட்டுரை முறை கட்டாயமா?

அறிமுகம், மூன்று கருத்து, முடிவு. எட்டாம் வகுப்பில் ஒரு தடவை பழகட்டும், பிற்பாடு தேர்வுக்கு உதவும். ஆறாம் வகுப்புக்கு ஒரு நல்ல பத்தி போதும். மூன்று கருத்து கிடைக்காத பிள்ளை ஒன்றையே மூன்றாக இழுக்கும், அது எழுதாமல் இருப்பதைவிட மோசமான பழக்கம்.

இதெல்லாம் செய்தால் மார்க் எங்கே போடுவது?

வகுப்புச் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்குள் போடுங்கள். பருவத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டின் 60-க்கு வினாத்தாள் எப்படியும் வரும். சொல்லட்டை, பனிக் குறிப்பு, இரண்டாம் வரைவு எல்லாமே செயல்பாடுகள்தான். முதல் வரைவையும் இரண்டாவதையும் சேர்த்துக் கிளிப் போட்டு வைத்தால் ஆய்வுக்கு வருகிறவருக்கும் காட்டலாம்.

"நாங்க கொழுந்து பறிக்கப் போறவங்க. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டுல என்ன பண்றது டீச்சர்?"

தெரிய வேண்டாம் அக்கா. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்குப் பாடத்துல யாருக்கு என்ன ஆச்சு?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை சொல்லும். "அப்புறம்?" என்று கேளுங்கள். நடுவில் ஏதாவது இடிக்கிற மாதிரி இருந்தால், "அது எப்படி?" என்று கேளுங்கள். இந்த மூன்றும் போதும். உங்கள் அம்மா சொன்ன கதை ஒன்றையும் சொல்லுங்கள். மறுநாள் அதை அவள் வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதட்டும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத கதை என்பதால் காப்பியடிக்கவும் முடியாது.

போனில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் கட்டுரை எழுதிக் கொடுக்கிறதே?

கொடுக்கும். பிழையில்லாமல் கொடுக்கும். கைடு வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்கிறது. வகுப்பிலேயே, கையால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் வரைவு எழுதச் சொல்கிறேன். சொல்லின் உச்சரிப்பைக் கேட்கப் போனைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

மழை லீவு விட்டுவிட்டால் பாடம் தொடர்பு அறுந்துபோகிறதே?

ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கம். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். கலெக்டர் லீவு அறிவிப்பது நமக்குப் புதிதல்ல. அன்றைக்கு ஒரே வேலை: ஜன்னல் வழியாகத் தெரிவதை ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி, நாள், நேரம் போட்டு வைக்க வேண்டும். 'ரெய்ன்' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தக் கூடாது. போன வருடம் ஒரு பெண்ணின் நோட்டில் இருந்த முதல் வாக்கியத்தின் பொருள் இது: "எதிர்வீட்டு ஆடு திண்ணையை விட்டு இறங்க மறுக்கிறது." பக்கத்தில் 'மறுக்கிறது' என்பதற்கு 'ரெஃப்யூஸஸ்' என்று எழுதி அடித்துவிட்டு, 'ரிலக்டன்ட்' என்று மாற்றியிருந்தாள். வாக்கிய அமைப்பு சரியாக வரவில்லை. அதை லீவு முடிந்து வந்ததும் பார்த்தோம்.